இரட்டை இருமல்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவின் இருமலைப் பற்றி ஒரு நோட்டுப் போட்டேன். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் என் பெயர், வகுப்பு, பாடம் என்ற இடத்தில் 'அப்பா'. எங்கள் வீட்டில் ஒரு காரியத்தை எழுத்துபூர்வமாகச் செய்த முதல் ஆள் நான்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. அந்த நோட்டில் இருந்த முக்கியமான விஷயம் தப்பு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப், நிழல் விழும் தெருக்கள், பிளாக் நம்பர் போட்ட குவார்ட்டர்ஸ். இந்தப் பக்கம் நாங்கள். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கரி ஏற்றிப்போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதையெல்லாம் வாரி மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற வேலை. அம்மா காலையில் வாசலில் இட்லிக் கடை போடுவாள். தெருவைப் பார்த்து ஒரு பெஞ்சு, ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய், தார்ப்பாய்க்குப் பின்னால் அடுப்பு. பண்ருட்டியிலிருந்து மூட்டையாக வரும் முந்திரிக்கொட்டை ஓட்டைத்தான் எரிப்போம். நின்று எரியும். புகைதான் கண்ணைப் பிடுங்கும்.

அந்தப் புகைக்குள் உட்கார்ந்து அம்மா இரும்பு ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். ஊதி ஊதி அவளுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது என்று நினைத்தோம். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாலும், கடைத்தெரு வரை நடந்தாலும், உதட்டைக் குவித்து 'ஊ' என்று காற்றை விடுவாள். "அடுப்பு எங்கம்மா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, வழியில் தெரிந்த முகம் யாராவது அகப்பட்டால் நிறுத்திப் பேச ஆரம்பித்துவிடுவாள். ஐந்து நிமிஷ தூரத்துக்கு நாலு பேரிடம் நின்று பேசுவாள். அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று தெருவே சொல்லும். நானும் சேர்ந்து சொல்வேன்.

அப்பாவுக்கு இருமல் ஜாஸ்தி. காலை ஆறு மணிக்குக் கடை ஆரம்பிக்கும். மூன்றாம் ஷிப்ட் முடித்தவர்கள் கரி படிந்த முகத்தோடு வந்து உட்காருவார்கள். அவர்கள் போனதும் ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வருவார்கள். அப்பா பரிமாறமாட்டார், கடைச் சாப்பாட்டில் கையே வைக்கமாட்டார். தார்ப்பாயை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். படித்துக்கொண்டே இருமுவார். மழையில் நனைந்த லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இழுத்து இழுத்து வரும் இருமல். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் சுரங்கத்து ஆட்கள். பெல்ட்டில் வேலை பார்க்கிறவன் இருமினால் அவர்களுக்கு அதிசயம் இல்லை. ஆனால் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர் இது வீசிங் என்பார். வாட்ச்மேன் ஒருவர், தன் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஈஸ்னோபீலியா என்று சத்தியம் செய்வார். ஆஸ்துமா, அலர்ஜி, விட்ட குறை நிமோனியா, நெஞ்சில் கட்டிய சளி என்று இட்லிக்கு ஒரு நோய் வீதம் சொல்லிவிட்டுப் போவார்கள். டி.பி. என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதை நெருங்கும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

அப்பா எப்போதும் மத்தியான ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார். காலை ஷிப்ட் போட்டால் யாரிடமாவது மாற்றிக்கொள்வார். மாற்ற முடியாமல் போன வாரங்களில் அம்மாவுக்கு மாவு சரியாகப் புளிக்காது, கடை கிடையாது. அப்பா காலையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆசைப்படுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் கோடை லீவுக்கு முன்னால், கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனண்ட் ஆக்கப்போகிறார்கள் என்று ஒரு லிஸ்ட் வந்தது. அதில் அப்பாவின் பெயர் இருந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் பாயசம் வைத்த ஒரே புதன்கிழமை அதுதான். பெர்மனண்ட் என்றால் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் என்றால் எனக்கென்று ஒரு ஜன்னல். நான் அந்த ஜன்னலில் என்ன வைப்பது என்பது வரை யோசித்துவிட்டேன்.

ஆனால் நடுவில் மெடிக்கல் இருந்தது. கண் டெஸ்ட், ரத்தம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் விட எல்லாரும் பயந்தது ஊதுகிற டெஸ்டுக்கு. ஒரு குழாயை வாயில் கவ்விக்கொண்டு, ஆறு எண்ணுகிற வரைக்கும் விடாமல் ஊத வேண்டுமாம். மெஷின் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அப்பாவுக்கு மேலே மேஸ்திரியாக இருந்தவர் தினமும் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"உன் இருமல் ஊருக்கே தெரியும்யா. டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காத. மறைச்சது தெரிஞ்சா லிஸ்ட்லேருந்தே எடுத்துடுவாங்க."

அன்றைக்கே நான் முடிவு செய்தேன். அப்பாவை ஊதவைத்தே தீருவது. அவர் இருமலைப் பற்றி டாக்டர் என்ன கேட்டாலும் பதில் தயாராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் என் பொறுப்பு. யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். இப்போதும் அப்படித்தான் என்று என் கணவர் சொல்கிறார்.

பலூன் பாக்கெட் ஒன்று வாங்கினேன். தினமும் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும்போது, அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் மூன்று பலூன். நான் எண்ணுவேன், அவர் ஊதுவார். ஒன்றிரண்டு நாளிலேயே பலூன் வெடிக்கிற அளவுக்கு ஊதினார். இத்தனை இருமலை வைத்துக்கொண்டு இப்படி ஊதுகிறாரே என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. என் பயிற்சியின் மகிமை என்று நினைத்தேன். ஒருநாள் அம்மாவையும் வம்புக்கிழுத்து ஒரு பலூனைக் கையில் திணித்தேன். ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதினாள். அதற்குமேல் முடியாமல் சட்டென்று முடிச்சுப் போட்டு, "எனக்கு இது போதும்டி" என்று எழுந்து போய்விட்டாள். அம்மாவுக்கு எதிலும் அக்கறை இல்லை என்று அப்பாவிடம் புகார் செய்தேன். அப்பா அந்தச் சின்னப் பலூனை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

நோட்டு விஷயம் இன்னும் கறாராக நடந்தது. கடை நேரத்தில் நான் உள் அறையில் பாடம் படிப்பேன். தார்ப்பாய்ப் பக்கத்து ஜன்னலைப் புகைக்குப் பயந்து சாத்தியிருப்போம். எதுவும் தெரியாது, எல்லாம் கேட்கும். இருமல் கேட்டவுடன் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். சளி: இல்லை. காய்ச்சல்: இல்லை. ராத்திரி இருமல்: இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குதா: வீட்டில் படி இல்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். அப்பாவின் இருமல் ஜோடியாகத்தான் வருகிறது. முதலில் காகிதத்தைக் கசக்கினாற்போல் சன்னமாக ஒன்று வரும். அது முடிவதற்குள் லாரி கிளம்பும். ஒருநாளும் லாரி தனியாகக் கிளம்பியதில்லை. இதற்கு நானே 'இரட்டை இருமல்' என்று பெயர் வைத்து, சின்ன இருமல், பெரிய இருமல் என்று இரண்டு பத்தி போட்டுக் குறித்தேன்.

மெடிக்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பாவிடம் ஒப்பந்தம் பேசினேன். மேஸ்திரி ஆபீசில் எதையும் சொல்லிவிடாமல் இருக்க, அவர் சாப்பிடுகிற கால் மணி நேரம் மட்டும் எப்படியாவது இருமலை அடக்க வேண்டும். "அடக்கிடறேன் பாப்பா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மறுநாள் மேஸ்திரி வந்து உட்கார்ந்தார். நான் உள்ளே பென்சிலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சின்ன இருமல் வந்தது. அடக்கப்பார்த்து, அடங்காமல், மறுபடி வந்தது. உடனே லாரி கிளம்பியது. அதுவரை நான் கேட்டதிலேயே அன்றைக்குத்தான் அப்பா மோசமாக இருமினார். "என்னாய்யா இது, குடலே வெளிய வந்துடும் போல இருக்குது" என்று மேஸ்திரி எழுந்தே விட்டார்.

அவர் போனதும் நான் வெளியே ஓடிவந்து கத்தினேன். ஜன்னல் போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு, எல்லாம் உன்னால்தான் என்று அப்பாவைத் திட்டினேன். அவர் பேப்பரை மடித்தார். தார்ப்பாய்க்குப் பின்னால் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. முந்திரி ஓட்டுப் புகை அப்படித்தான் செய்யும்.

மெடிக்கலன்று நானும் வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். என்னைப் பிடித்துக்கொள்ள அம்மாவும் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊதுகிற டெஸ்ட் இரண்டாவது மாடியில். அப்பாவும் நானும் ஒரே மூச்சில் ஏறிவிட்டோம். அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். அங்கே பேச யாரும் இல்லாததால் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரையெல்லாம் படித்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எனக்கு மானம் போயிற்று.

அப்பா ஊதினார். "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று மெஷினை இயக்கிய அக்கா சொல்ல, திறந்த கதவுக்கு வெளியே நின்று நானும் வாய்க்குள் சொன்னேன். கோடு விர்ரென்று மேலே போய் அழகாக இறங்கியது. மூன்று தரமும் அப்படியே. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். அப்பாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"நல்லா இருக்கு. இருமல் ஏதாவது உண்டா?"

"இல்லீங்க" என்றார் அப்பா.

மறைத்தால் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மேஸ்திரி சொன்னது காதில் கேட்டது. அப்பா பொய் சொல்லிவிட்டார், இனி காப்பாற்ற நான்தான் இருக்கிறேன் என்று உள்ளே ஓடிப்போய் நோட்டை மேஜைமேல் வைத்தேன். "அப்பாவுக்கு இருமல் இருக்கு டாக்டர். ஆனா பலூன் ஊதி ஊதிக் குறைச்சுக்கிட்டு வர்றோம்" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவர் முகம் வெளிறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தார். எங்கள் வகுப்பு டீச்சர்கூட என் நோட்டை அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

"எல்லாம் காலைல ஆறுலேருந்து எட்டரைக்குள்ளயே இருக்கே. அப்ப வீட்ல என்ன நடக்கும்?"

"அம்மா இட்லி சுடுவாங்க."

"எதுல?"

"முந்திரி ஓடு."

"இந்தச் சின்ன இருமல், பெரிய இருமல்... சின்னது வரும்போது அப்பாவைப் பார்த்தியா, சத்தம் மட்டும் கேட்டியா?"

"கேட்டேன். உள்ளேருந்து."

டாக்டரம்மா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அங்கே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மாடி ஏறி அரை மணி ஆகியும் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அடுப்பு இல்லை.

"அம்மா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. மெடிக்கல் அவுருக்குத்தான்" என்று அம்மா எழுந்து படிப்பக்கம் போகப்பார்த்தாள். அப்பா குறுக்கே போய் நின்றார். அவர் அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"எத்தினி நாளைக்கு மறைப்ப? போயி ஊது."

அம்மா ஊதினாள். கோடு ஒரு சின்ன மேடு ஏறி, சரிந்து, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபடி ஊதச் சொன்னார்கள். மறுபடியும் அதே மேடு. "விட்டுவிட்டு ஊதாதம்மா, தம் கட்டி ஊது" என்று நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. இன்ஹேலரில் ஒரு மருந்தை உறிஞ்சவைத்து, கால் மணி கழித்து இன்னொரு தரம் ஊதச் சொன்னார்கள். கொஞ்சம்தான் மாறியது. டாக்டரம்மா நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்க்கணும். பார்த்தா சி.ஓ.பி.டி. மாதிரி இருக்கு."

அம்மா துள்ளி எழுந்துவிட்டாள். "பீடியா? பெத்த புள்ள தலையில அடிச்சுச் சொல்றேங்க, நான் எந்தக் காலத்துலயும் பீடியக் கையால தொட்டதில்ல!" எனக்கும் கோபம் வந்தது. என் அம்மாவைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா? அதற்குப் பிறகு டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது நோயின் பெயர், பீடி குடிக்காதவர்களுக்கும் வரும், வருஷக்கணக்காகப் புகையில் உட்கார்ந்தால் மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் என்று விளக்கினார். அதனால்தான் நடந்தால் மூச்சு வாங்குகிறது, அதனால்தான் வழியெல்லாம் நிற்க வேண்டியிருக்கிறது, உதட்டைக் குவித்து ஊதினால் சுலபமாக இருக்கிறது. முழுசாகப் போகாது, ஆனால் மருந்து உறிஞ்சி, புகையை விட்டால் கட்டுக்குள் வைக்கலாம். இத்தனை நாள் ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இட்லி ஊத்துறவ இருமுனா யாருங்க சாப்புடுவாங்க? வேற என்னாமோ நோவுன்னு பேசுவாங்க."

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டாக்டரம்மா கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய டிக் போட்டிருந்தார். அப்பா பாஸ், நோட்டும் பாஸ். ஆனால் திரும்பி வரும்போது நான் அம்மாவோடு பேசவில்லை. ஒரு குழாயை ஒழுங்காக ஊதத் தெரியவில்லையே என்று ஆத்திரம். வேப்பமரத்தடியில் அம்மா நின்றாள். இந்தத் தரம் பேச ஆளும் தேடவில்லை, போஸ்டரும் படிக்கவில்லை. சும்மா நின்றாள். அப்பாவும் பக்கத்தில் நின்றார். நான் மட்டும் முன்னால் போய் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கடை இல்லை. சளி டெஸ்டில் டி.பி. இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயிலும் அப்படித்தான். அதற்குள் அப்பா ஒரு கேஸ் அடுப்பு கொண்டுவந்துவிட்டார். மிச்சமிருந்த முந்திரி ஓட்டு மூட்டையை அம்மாவே இழுத்துப்போய்த் தெருக்கோடியில் வைத்துவிட்டு, நாலு இடத்தில் நின்று திரும்பி வந்தாள். மருந்தை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒருநாள் தவறவில்லை. என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பத்து நாள்தான் ஞாபகம் வரும்.

பதினோராம் நாள் கடை திறந்தாள். அன்று விடிந்ததும் செய்த முதல் காரியம், நீலத் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டியது. எல்லாரும் பார்க்கிற மாதிரி நின்று மாவு ஊற்றினாள். மேஸ்திரி வந்தார், வாட்ச்மேன் வந்தார், பெஞ்சு நிறைந்தது. அடுப்பு மாறினால் நோய் மாறிவிடுமா? அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, முந்தானையால் மூடி, சன்னமாக ஒரு தரம் இருமினாள். பெஞ்சிலிருந்த கைகளெல்லாம் தட்டில் நின்றன. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"அவர என்னா பாக்கறீங்க? இருமுனது நான்தான்" என்றாள் அம்மா. "பொகையில குந்திக்கினே இருந்ததால வந்த நோவு. டி.பி. இல்ல. ஒட்டாது. டாக்டரு எழுதிக் குடுத்துருக்காங்க. சாப்புடறவங்க சாப்புடுங்க."

வாட்ச்மேன் பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அம்மா அவர்கள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தாள். மேஸ்திரி தன் தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு வையிம்மா" என்றார்.

நான் வாசற்படியில் நோட்டும் பென்சிலுமாக நின்றேன். சின்ன இருமல் ஒன்று குறித்தாகிவிட்டது. பெரிய இருமலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எட்டரை மணி வரை நின்றும் வரவில்லை. அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"உட்டுப்போச்சு பாப்பா" என்றார். "நீதான் பலூன் ஊதக் கத்துக்குடுத்தியே."

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு உதட்டைக் குவித்து ஊதினாள்.

கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிற ஒரு மனிதர், பெர்மனண்ட் லிஸ்டில் பெயர் இருக்கும்போது, தன் மேஸ்திரியின் எதிரில் உட்கார்ந்து, இல்லாத இருமலை அத்தனை சத்தமாக இருமினார் என்றால் அது யாருக்காக என்று யோசிக்க எனக்கு வயது போதவில்லை. குறிப்புகள் மொத்தமும் என் கையில்தான் இருந்தன. டாக்டரம்மாவின் சிவப்பு டிக்கூட இருந்தது. ஆனால் நான் அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'சின்ன இருமல் 1, பெரிய இருமல் 0, அப்பா குணம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். ஒருநாளும் நோயே வராத மனிதரைக் குணமாக்கிவிட்ட பெருமையோடு நோட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.